ஒரு சொட்டு சிந்தாதவள்

அவள் கஞ்சி குடிப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். தகரக் குவளையை இரண்டு கையாலும் ஏந்தி, உதட்டோடு ஒட்டவைத்து, கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகச் சாய்ப்பாள். குடித்து முடித்த பிறகும் குவளையின் வெளிப்புறம் காய்ந்தே இருக்கும். மோவாயில் ஒரு ஈரம் இருக்காது. நான் நாலு மடக்கில் முடித்துவிட்டு, கழுத்தில் வழிந்ததைக் கையால் வழித்து, அந்தக் கையையும் நக்கிக்கொண்டிருப்பேன்.

"நீ குடிக்கிறியா, குளிக்கிறியா புள்ள?" என்பாள்.

"வயித்துக்குள்ள போனா சரி. கஞ்சிக்குப் போயி என்னாத்துக்குடி காவல் காக்கிறே?"

"சிந்துனா யாருக்கு நஷ்டம்? நம்மளுக்குத்தான் லா."

அவளை நினைத்தால் முதலில் எனக்கு வருவது பாசம் இல்லை, முழங்கால் வலி. பாசம் அதற்குப் பிறகுதான் வரும். அவளால் நான் ஒரு மலை ஏறினேன். அந்த ஏற்றம் இன்னும் என் காலில் இருக்கிறது. அவள் பெயரை இங்கே எழுதலாம், எழுதி யாருக்கும் பயன் இல்லை. அவள் அந்தப் பெயரோடு போகவில்லை.

மலாயாவில், ரெம்பாவுக்கு உள்ளே, மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். நானும் அவளும் அடுத்தடுத்த நிரையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினோம். மரத்தில் தொங்கும் மங்குக் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, தோளில் காண்டாக் கம்பை வைத்து, முன்னால் ஒரு வாளி பின்னால் ஒரு வாளியாகத் தொங்கவிட்டுப் பால் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். மேடும் பள்ளமுமான பாதை. பால் தளும்பாமல் இருக்க நாங்கள் எல்லாரும் வாளியில் ஒரு இலைக்கொத்தை மிதக்கவிடுவோம். அவள் மட்டும் போட மாட்டாள். முழங்காலை லேசாக மடக்கி, பாதத்தை முழுசாக ஊன்றி, இடுப்புக்கு மேலே அசைவே இல்லாமல் நடப்பாள். வாளியின் உட்புறம் பால் கறை ஒரு கோடாகப் படிந்திருக்கும். அவள் வாளியில் புறப்பட்டபோது பால் எந்தக் கோட்டில் இருந்ததோ, கொட்டகையிலும் அதே கோட்டில் இருக்கும்.

எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சிந்தினவர்களைத் திட்டும்போதெல்லாம் அவளைத்தான் காட்டுவார். "அந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துக்குங்க. எல்லாத்துக்கும் கால் இருக்கு, அதுக்கு மட்டும்தான் நடை இருக்கு." இதைக் கேட்டுக் கேட்டு அவளை வெறுத்தவர்கள் எங்கள் லயத்து வீடுகளில் நிறையப் பேர். நானும் கொஞ்ச நாள் வெறுத்தேன்.

ஜப்பான்காரன் வந்து தோட்டம் பாதி நின்றுபோயிற்று. பாதி மரத்தை வெட்டிச் சாய்த்து மரவள்ளி போட்டார்கள். மீதி நிரைகளில் மட்டும் வெட்டு நடந்தது. அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். ஒரு நாள் முற்பகல் நாங்கள் பாலோடு கொட்டகைக்குப் போகும் வழியில், தோட்டத்துச் சாலையில் லாரி நின்றுகொண்டிருந்தது. அதில் எங்கள் லயத்து ஆண்கள். அவள் வீட்டுக்காரரும் இருந்தார். அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

பெண்கள் எல்லாரும் காண்டாவைப் போட்டது போட்டபடி ஓடினோம். சாலையெல்லாம் வெள்ளையாகப் பால் ஓடியது. எனக்கு லாரியில் யாரும் இல்லை, ஆனாலும் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவள் நிற்கிறாள். குனிந்து பின்வாளியை மண்ணில் வைத்தாள். பிறகு முன்வாளியை வைத்தாள். கம்பை எடுத்து ஓரமாகச் சாய்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் ஓடிவந்தாள். அதற்குள் லாரி நகர்ந்துவிட்டது. அவர் கையை நீட்டிக்கொண்டே போனார். அவள் விரல் நுனிக்கும் அவர் விரல் நுனிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

வாளி இரண்டும் சிந்தாமல் அங்கேயே இருந்தன. அவள் திரும்பிப் போய் அவற்றைத் தூக்கிக் கொட்டகையில் கொடுத்தாள். அன்றைக்குப் பால் கொண்டுவந்தவள் அவள் ஒருத்திதான். அழக்கூட இல்லை. லயத்துப் பெண்கள் "அது நெஞ்சா, கல்லா?" என்று பேசினார்கள். நான் பேசவில்லை. ஏனென்றால் அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது, கீழே விழவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் போயிருக்கும். போனவர்களில் ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். இந்தியாவுக்குப் போகிற படைக்கு ஆள் சேர்க்கிறார்கள், பெண்களையும் சேர்க்கிறார்கள் என்று ஒருவர் பேசினார். சயாம் வழியாக ரயிலில் போய், பர்மாவில் மலைமலையாக ஏறி இறங்கவேண்டும், மலை ஏற முடிந்தவர்கள்தான் வேண்டும் என்றார். தேசம், சுதந்திரம் என்று நிறையச் சொன்னார். எனக்குப் பசியில் காது அடைத்திருந்தது. அவளுக்கு அதில் இரண்டு வார்த்தைதான் விழுந்திருக்கிறது.

"சயாம் வழியாத்தான் போவாங்களாம் புள்ள."

"போனா?"

"ரயிலு நிக்குமில்ல? நின்னா எறங்கிப் பாக்கலாமில்ல?"

"துப்பாக்கி எடுத்துட்டுப் போறவங்க வீட்டுக்காரரத் தேடிட்டிருப்பாங்களா?"

"மொதல்ல சேரணும். சேர்றதுக்கு மல ஏறணும். நாளைக்கு ஏறிப் பாப்போம், வா."

டத்தோ மலை எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் தெரியும். உச்சியில் பெரிய பெரிய பாறைகள். விறகுக்குக்கூட நாங்கள் அடிவாரத்தைத் தாண்டிப் போனதில்லை. காட்டுக்குள் ஜப்பான்காரனோடு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு கொண்டுபோனதாகச் சந்தேகம் வந்தால் தலையை எடுத்துவிடுவான் என்று பயம். நான் வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். விடியற்காலையில் என் வாசலில் நிற்கிறாள், தோளில் காண்டா, கையில் இன்னொரு காண்டா. அது எனக்காம்.

"வாளி எதுக்குடி?"

"பாரம் இல்லாம ஏறுனா அது ஏத்தமா?"

"அப்ப மண்ண அள்ளிப் போடு."

"மண்ணு தளும்பாது. தண்ணிதான் வேணும்."

என் அப்பா மலேரியாவில் போர்த்திப் படுத்திருந்தார். அவருக்கு அவித்த கிழங்கைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. ஒருவேளை அவள் தனியாகப் போய்த் திரும்பாவிட்டால் அந்தச் செய்தியைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை என்று நினைத்திருப்பேன்.

அடிவாரத்து ஆற்றில் வாளிகளைக் கறைக் கோடு வரைக்கும் நிரப்பினோம். பக்கத்துக் கம்பத்து, மலாய்க் கிராமத்து, கிழவர் ஒருவர் மீன்கூடையோடு நின்று பார்த்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அவள் மலையைக் காட்டி, "அத்தாஸ்", மேலே, என்றாள். இந்தத் தண்ணீர் எதற்கு, மேலேயும் ஊற்று இருக்கிறதே என்றார். அவள் காண்டாவைத் தோளுக்கு ஏற்றினாள். அவர் என்னைப் பார்த்து, தலையைத் தொட்டுக் காட்டி, "கீலா?" என்றார். பைத்தியமா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். சிரித்துவிட்டு, ஜப்பான்காரன் ரோந்து மாலையில்தான் வரும், அதற்குள் இறங்கிவிடுங்கள் என்று கையால் சூரியனைக் காட்டிச் சொன்னார்.

முதல் கொஞ்ச தூரம் சும்மா நடை. அப்புறம் பாதை நிமிர்ந்துவிட்டது. படி என்றால் மரத்தின் வேர்தான் படி. ஒவ்வொரு வேரும் என் முழங்கால் உயரம். கீழே வழுக்கும் மண், பக்கவாட்டில் பிரம்பு முள், காலெல்லாம் அட்டை. என் காண்டா ஒரு மரத்தில் இடிக்கும், திரும்பினால் இன்னொரு மரத்தில் இடிக்கும். பாதி ஏற்றம் வருவதற்குள் என் வாளிகளில் அடித்தண்ணீர்தான் இருந்தது. அதையும் ஒரு செடிக்கு ஊற்றிவிட்டு, காலி வாளிகளைப் பாதை ஓரத்தில் கவிழ்த்து வைத்தேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மண்டோர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அவள் ஏறின விதத்தைச் சொல்லவேண்டும். வேர் உயரமாக இருக்கிற இடத்தில் நின்று, ஒரு வாளியைக் கழற்றி மேலே வைப்பாள். இன்னொன்றையும் வைப்பாள். கம்பை வைப்பாள். பிறகு தான் ஏறுவாள். மறுபடியும் காண்டா தோளுக்கு வரும். இப்படி நூறு இடம். மூச்சு வாங்கினால் உட்கார மாட்டாள், நின்றபடியே வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். முந்தின ராத்திரி தின்ற கிழங்கு எந்தக் காலத்திலேயோ கரைந்துபோயிருந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. இவள் புருஷனைத் தேடுவதற்கு நான் ஏன் சாகவேண்டும் என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"போதும், எறங்கலாம்டி. இதுவே போதும்."

"நீ இங்கனயே இரு. நான் போயிட்டு வாரேன்."

"புலி வந்தா?"

"அப்ப வா."

போனேன். வேறென்ன செய்வது?

உச்சிக்குப் போனபோது நடு உச்சி வெயில். பாறைக்குக் கீழே வாளிகளை வைத்துவிட்டு, கையும் காலுமாகத் தொற்றிப் பாறைமேல் ஏறினோம். கீழே முழுக்க மரத்தலைகள். தூரத்தில் போர்டிக்சன் பக்கத்துக் கடல் தகரம் மாதிரி மின்னியது. நான் மல்லாந்து படுத்துவிட்டேன். அவள் நின்றபடியே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"புள்ள, சயாமு எந்தப் பக்கம்?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீலமாக மலை தெரிந்த ஒரு பக்கமாகக் கையைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வெகுநேரம் நின்றாள். வாய்க்குள் என்னமோ பேசினாள். அவரிடம்தான் பேசினாள் என்று நினைக்கிறேன். இறங்கும்போது சூரியன் சாய்ந்த பக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் காட்டினது சிங்கப்பூர்ப் பக்கம். அதை அவளிடம் சொல்லவில்லை. இப்போது இங்கே சொல்கிறேன்.

இறங்கும்போதாவது தண்ணீரைக் கொட்டுவாள் என்று நம்பினேன்.

"ஏறுனது பாதிதான புள்ள? மலைன்னா எறக்கமும் சேந்ததுதான்" என்று காண்டாவைத் தூக்கினாள்.

அந்த இறக்கத்தில்தான் என் வலது முழங்கால் பிசகியது. அவள் ஒரு தோளில் காண்டாவும் மறுதோளில் என் கையுமாக இறங்கினாள். கவிழ்த்துவைத்திருந்த என் வாளிகளையும் மறக்காமல் என் கையில் கொடுத்தாள். அடிவாரத்தில் அந்தக் கிழவர் இன்னும் இருந்தார். எழுந்து வந்து அவள் வாளியை எட்டிப் பார்த்தார். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அவர் சிரிக்கவில்லை. அவள் தண்ணீரை ஆற்றிலேயே மெதுவாக, சத்தம் வராமல் ஊற்றினாள். கிழவர் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து அவள் வாளியில் போட்டார். அன்றைக்கு என் அப்பா மீன் தின்றார்.

என் கால் வீக்கம் வடிந்த பிறகு ஆள் தேர்வு வந்தது. பாரோய் பக்கம் ஒரு செங்குத்தான மேடு. இப்போது அந்த மேட்டைச் செதுக்கி வீடு கட்டியிருக்கிறார்கள். நான் இருக்கிற வீட்டுச் சன்னலைத் திறந்தால் அதன் மிச்சம் தெரியும். அப்போது அது லாலாங் புல் மேடு. பல தோட்டத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். நான் அவளுக்குத் துணையாகத்தான் போனேன். அப்பாவை விட்டு நான் எந்தப் படைக்குப் போவது? ஆனால் காக்கி உடுப்புப் போட்ட ஒரு தமிழம்மா, வந்தவர்கள் எல்லாரும் ஏறத்தான் வேண்டும் என்றுவிட்டார்.

ஆளுக்கு ஒரு மணல் மூட்டை. அதை முதுகில் கட்டிக்கொண்டு மேட்டின் உச்சிக்கு ஏறவேண்டும். முதலில் வருகிற இருபது பேருக்கு மணிக்கட்டில் நீலத்துணி கட்டுவார்கள். அவர்கள் அன்று மாலையே லாரி ஏறவேண்டும். இன்னொன்றும் சொன்னார்கள். மேலே சோறு வேகிறது, துணி கட்டினவர்களுக்கு உண்டு.

சோறு. அரிசிச் சோறு தின்று எனக்கு ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் அண்டாவிலிருந்து ஆவி போவது தெரிந்தது. காற்று இறங்கும்போது வாசனையும் வந்தது. விசில் ஊதினதும் நான் ஓடினேன். தேசத்துக்காக ஓடவில்லை, அவளுக்காகவும் ஓடவில்லை. முழங்கால் வலித்தது, ஆனாலும் ஓடினேன். விழுந்தேன், நாலு காலில் ஏறினேன். மூட்டை அவிழ்ந்து மணல் கொட்டினது, அதைப் பற்றியும் கவலைப்படவில்லை. ஏழாவதாகவோ எட்டாவதாகவோ போய்ச் சேர்ந்தேன். பேர் எழுதுகிறவர் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். என் மணிக்கட்டில் துணி கட்டினார். கையில் ஒரு தட்டு சோறு கொடுத்தார்கள்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். அவள் வந்துகொண்டிருந்தாள். மூட்டையை முதுகில் கட்டாமல் தோளில் வைத்திருந்தாள், காண்டாவை வைக்கிற அதே தோளில். முழங்காலை லேசாக மடக்கி, பாதத்தை முழுசாக ஊன்றி, அசையாமல் வந்தாள். இரண்டு பக்கமும் பெண்கள் அவளைத் தாண்டி ஓடினார்கள். மூட்டையின் வாய் கட்டியிருந்தது. சிந்துவதற்கு அதில் என்னடி இருந்தது? 'ஓடுடி, ஓடுடி' என்று நான் வாயில் சோற்றோடு கத்தினேன். அவள் காதில் விழுந்திருக்காது. விழுந்திருந்தாலும் அந்தக் காலுக்கு வேறு நடை தெரியாது. அவள் வந்தபோது துணி தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மூட்டையை மெதுவாக இறக்கிவைத்தாள். ஒரு மணல்கூடக் குறையவில்லை.

"துணி முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் என்ன செய்தும் மறக்க முடியவில்லை.

நான் அவளை இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். முழுச் சோற்றையும் தின்றுவிடாமல் பாதியை வைத்திருந்தேன். தட்டை அவளிடம் கொடுத்தேன். பல்லால் கடித்து என் துணியை அவிழ்த்து அவள் கையில் கட்டினேன்.

"என்னா பண்றே? உம் பேரதான எழுதியிருக்காங்க."

"எம் பேரையே வச்சுக்க. எனக்கு எதுக்குடி? லயத்துல கூப்புட அப்பா ஒருத்தருதான் இருக்காரு."

"அப்பறம் அவரு என்னைய எப்படிக் கண்டுபிடிப்பாரு? எம் பேரச் சொல்லித்தான தேடுவாரு."

"அவரு தேட வேணாம். நீதான தேடப் போறே?"

அவள் முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். பிறகு துணியைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

சண்டை முடிந்து பர்மாவிலிருந்து சில பெண்கள் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் என் பெயரைச் சொல்லி நானே விசாரித்தேன். ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. "அவளா? மலையில ஓடுனவங்க நாங்கள்லாம் ரெண்டே நாள்ல படுத்துட்டோம். அவ ஒரே சீரா நடந்துகிட்டே இருந்தா. எங்களுக்குத் தண்ணி எடுத்தாந்தது அவதான்" என்றாள். திரும்பி வரும்போது சயாமில் ரயில் நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவள் இறங்கிப் பார்ப்பாளாம். ஒரு இடத்தில் இறங்கினவள் திரும்ப ஏறவில்லையாம். அவரைக் கண்டாளா, காய்ச்சலில் விழுந்தாளா, யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தின் பெயரும் அந்தப் பெண்ணுக்கு நினைவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, என்மேல் அதைவிடக் கோபம் வந்தது. சோற்று வாசனைக்கு ஓடின கால் இது. ஓடாமல் இருந்திருந்தால் அவள் லயத்திலேயே இருந்திருப்பாள்.

ஆனால் அந்த மாலையைச் சொல்லி முடிக்கவேண்டும். அவள் மரத்தடியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, சோற்றை அவள் வழக்கப்படிச் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டு வாய்தான் போயிருக்கும். லாரி உறுமியது. காக்கி அம்மா தாளைப் பார்த்துப் பெயர்களைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி போய் ஏறினாள். ஏழாவதாக என் பெயரைக் கூப்பிட்டார். பழக்கத்தில் நான் எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். அவளுக்கு அது உறைக்கவில்லை; மற்றவர்கள் எல்லாரும் ஏறி முடிந்ததும் இரண்டாம் முறை கூப்பிட்டார். லாரி நகர ஆரம்பித்தது.

அவள் தட்டை மண்ணில் வைப்பாள், கையைத் துடைப்பாள், அதற்குள் லாரி போய்விடும் என்று நினைத்தேன்.

அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் மடியிலிருந்த தட்டு உருண்டு, சோறு புல்லிலும் மண்ணிலும் சிதறியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஓடினாள். அவள் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கோணலாக, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, வாயைத் திறந்து "இருக்கேன், இருக்கேன்" என்று கத்திக்கொண்டு ஓடினாள். லாரியின் பின்பலகையிலிருந்து யாரோ கை நீட்டினார்கள். இந்தத் தடவை அவள் கை எட்டிவிட்டது.

லாரி வளைவில் திரும்பும் வரைக்கும் நின்றேன். பிறகு உட்கார்ந்து, சிதறிக் கிடந்த சோற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணை ஊதி ஊதித் தின்றேன்.